எந்த வீட்டுக்குக் கூப்பிடட்டும்?

பிளியா லோருக்குப் பேயில் நம்பிக்கை உண்டு. பேயைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்களிடம்தான் நம்பிக்கை கிடையாது. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில், லாவோஸ் மலைகளிலிருந்து வந்த மோங் மக்களின் சந்தையில் அவள் கடை போட்டிருந்த காலத்தில், பச்சை மிளகாயும் எலுமிச்சம்புல்லும் கோழிச்சாற்றில் போடுகிற மூலிகைக் கட்டும் வாங்க வந்தவர்கள் பாதி, பேய்க்கதை சொல்ல வந்தவர்கள் பாதி. சொல்ல வந்தவர்களை முக்காலியில் உட்காரவைத்து, மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே முழுக்கதையையும் கேட்பாள். அதற்குப் பிறகு விசாரணை ஆரம்பமாகும். அந்த விசாரணைக்குப் பேயே நேரில் வந்தாலும் உளறிவிட்டுத்தான் போகும்.

ஒருத்தி வந்தாள். செத்துப்போன மாமியார் மத்தியான நேரத்தில் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அவித்து வைத்த பன்றிக்கறியை எடுத்துத் தின்றுவிட்டுப் போவதாகச் சொல்லி அழுதாள்.

"கறி மட்டும் காணாமப் போகுதா, கீரையும் போகுதா?" என்று பிளியா கேட்டாள்.

"கறி மட்டும்தான் பெரியம்மா. கீரையைத் தொடுறதே இல்ல."

"உன் மாமியாருக்குப் பல்லு இருந்துச்சா?"

"கடைசிக் காலத்துல ஒண்ணுகூட இல்ல, பாவம்."

"அப்ப பல்லு இருக்கிற ஆளைத் தேடு. உன் புருஷனை டாக்டர் கறி சாப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரா?"

வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் பேய் பிடிபட்டது என்று கேள்வி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பிளியாவைக் கேட்டால், கட்டியவள் கண்ணுக்கு முன்னால் இருக்கிற பேய்தான் அவளுக்குத் தெரிவதில்லை என்பாள்.

ஆனால் அவளும் பார்த்தவள்தான். தாய்லாந்து அகதி முகாமில் இருந்தபோது, சின்னப் பெண்ணாகத் தண்ணீர் பிடிக்கப் போனாள். குழாயடியில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, வாளி மட்டும் நிறையவில்லை. "அக்கா, ஆச்சா?" என்று கேட்டதுதான் தாமதம், குழாயடியில் வாளிதான் இருந்தது, ஆளைக் காணோம். பிளியா காய்ச்சலில் விழுந்தாள். மோங் நம்பிக்கைப்படி, பயந்தால் உடம்பிலிருக்கிற உயிர்களில் ஒன்று கழன்று எங்கேயாவது போய்விடும், யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால்தான் திரும்பி வரும். அவள் அம்மா குழாயடிக்கும் குடிசைக்குமாக நடந்து, கையில் முட்டையை வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்து வந்தாள். அமெரிக்கா வந்த பிறகும் ஒன்று நடந்தது. முதல் வாடகை வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, நீங்க இருந்த வரைக்கும் இருந்துட்டீங்க. இப்ப வாடகை கொடுக்கிறது நாங்க" என்று பிளியா மோங் மொழியிலேயே சொன்னாள். அவருக்கு என்ன புரிந்ததோ, அதற்குப் பிறகு வரவில்லை.

இப்படிப் பேயிடமே நியாயம் பேசியவளுக்கு சொந்த மனிதர்களிடம் வாய் செல்லவில்லை. சாய் நெங் ஹெர் என்பவனைப் பதினேழு வயதில் கட்டிக்கொண்டு, தையல் ஆலையில் முதுகு வளைய உழைத்து, இரண்டு பெண்களைப் பெற்று, கட்டியும் கொடுத்தாள். அவன் லாவோஸுக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். திரும்பி வரும்போது, இளைய மகளைவிட இளையவளாக ஒருத்தியைக் கூட்டி வந்தான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்று ஊரில் சொல்லலாம். பிளியா ஏற மறுத்தாள். விவாகரத்து ஆனது. தம்பி வாமெங் வேனை எடுத்துக்கொண்டு வந்து, அவளையும் அவள் தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டு போய், தன் வீட்டு நிலவறையில் கட்டில் போட்டுக் கொடுத்தான்.

அங்கேதான் சிக்கல். கல்யாணம் ஆகிப் புகுந்த வீட்டு வாசலில் நிற்கும்போது, பெண்ணின் தலைக்கு மேல் சேவலைச் சுற்றுவார்கள். அந்தச் சேவலோடு அப்பன் வீட்டுத் தெய்வங்களுக்கும் அவளுக்கும் உறவு முடிந்தது. அப்புறம் அவள் புருஷன் வீட்டுக்காரி. புருஷன் தள்ளிவிட்டால் அந்தத் தெய்வங்களும் தள்ளிவிடும், பழைய தெய்வங்கள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. தம்பி வீட்டில் அவள் தங்கலாம், தின்னலாம், துணி துவைக்கலாம். சாகக்கூடாது. வேறு குலத்து ஆவி ஒரு வீட்டுக்குள் பிரிந்தால் அந்த வீட்டுத் தெய்வங்கள் கோபித்துக்கொள்ளும், வீட்டில் இருக்கிறவர்களைப் பிடிக்கும், செத்தவளுக்கும் சோறு தண்ணீர் கிடையாது. மருமகன் வீட்டிலும் இதே கதைதான்.

பிளியாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற மிஷினோடு கட்டுண்டு கிடப்பாள். டாக்டர் சொன்னதை மகள் மொழிபெயர்க்கும்போது பாதியை விழுங்கினாள். விழுங்கிய பாதி என்னவென்று பிளியாவுக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் விசாரணை செய்தவள். அவளுக்கு இனி வேண்டியது ஒன்றுதான், சாவதற்கு ஒரு வீடு. அதைத் தம்பியிடம் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

இந்த நேரத்தில்தான் தம்பி பெண்டாட்டி யேர் பேயைப் பார்த்தாள்.

யேர், தாவ் குலத்துப் பெண். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அந்த மரியாதைக்குள் எத்தனை திட்டு வேண்டுமானாலும் வைத்துத் தைப்பாள். ஒரு நாள் நிலவறைப் படிக்கட்டில் பாதி இறங்கி நின்றுகொண்டு சொன்னாள்:

"அண்ணி, இங்க கீழ ஒரு பொம்பளை நடமாடுறா."

"எந்தப் பொம்பளை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட கேக்கறேன்? துவைக்கிற மிஷின் பக்கத்துல நின்னா. முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது."

"எப்ப?"

"நேத்து. நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப."

"கால் தரையில பட்டுச்சா?"

"உங்க போலீஸ் வேலையை என்கிட்ட காட்டாதீங்க. பார்த்தேன், சொன்னேன். ஒரு சாமியாடியைக் கூட்டிட்டு வரணும்னு நினைக்கிறேன்."

யேர் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பியதுதான் பிளியாவுக்கு உறுத்தியது. பொய் சொல்கிறவர்கள் இரண்டு வகை. ஒருவகை கண்ணையே பார்க்கும், இன்னொரு வகை சுவரைப் பார்க்கும். யேர் சுவரைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான் என்று பிளியா முடிவுகட்டினாள். நாத்தனாரை வெளியே போ என்று சொன்னால் ஊர் காறித் துப்பும். வீட்டில் பேய் நடமாடுகிறது, அண்ணி வந்த பிறகுதான் நடமாடுகிறது என்று சாமியாடி வாயால் சொல்லவைத்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. மகராசி, நேரில் சொல்ல நாக்கு வராமல் பேயைத் தூது அனுப்புகிறாள். அடுப்பங்கரையை ஆளுகிறவளுக்கு நாத்தனார் எப்போதும் ஒரு பாத்திரம் அதிகம்தான்.

அப்புறம் பார்த்ததெல்லாம் அதற்குச் சாட்சியாகவே இருந்தது. பிளியா மேலே ஏறி வந்தால் யேர் போனைக் காதிலிருந்து எடுத்துவிடுவாள். "இல்ல மாமா, அவங்களுக்குத் தெரியக்கூடாது" என்று ஒரு முறை கதவுக்குப் பின்னாலிருந்து காதில் விழுந்தது. கார் நிறுத்துகிற கொட்டகையிலிருந்து கோழி கேறும் சத்தம். எட்டிப் பார்த்தால், கம்பிக் கூண்டில் ஒரு சேவலும் ஒரு பெட்டையும், மேலே பழைய போர்வை. இந்தக் குளிரில் எதற்கு உயிர்க்கோழி? பூசைக்குத்தான். யாரை விரட்டுகிற பூசை? அது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

தம்பிதான் ஆறுதல். வேலை விட்டு வரும்போது மறக்காமல் சூடாகக் கஞ்சி வாங்கி வருவான். படியிறங்கி வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் வைத்துக்கொள்வான்.

"அக்கா, இந்த நிலவறை ஈரம் உனக்கு ஆகாது. கால் எப்படி வீங்கியிருக்கு பாரு."

"பரவாயில்லடா. எனக்கு இங்க பழகிடுச்சு."

"நல்ல வெளிச்சமான இடமா இருந்தா உடம்பு தேறும். அதான் சொல்றேன்."

எப்பேர்ப்பட்ட பிள்ளை என்று பிளியா உருகினாள். முகாமில் முதுகில் தூக்கி வளர்த்த தம்பி. இவனுக்குப் போய் இப்படி ஒரு நாக்குக்காரி வாய்த்தாளே.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நாள் காலையில், துவைக்கிற மிஷினிலிருந்து கட்டில் வரைக்கும் அரிசி மாவைச் சலித்து மெல்லியதாகத் தூவினாள். தம்பியும் அவன் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள், வீட்டில் அன்று யேர் மட்டும்தான் இருப்பாள். பேய்க்குக் கால் கிடையாது, யேருக்கு உண்டு.

ஆஸ்பத்திரி மிஷினில் கிடந்தபோதும் அதே நினைப்புதான். ஊசி குத்திய கை மரத்துப்போய், வழக்கம்போல் கண் செருகி, எங்கேயோ இறங்கிப் போவதுபோல் தூக்கம் வந்தது. சாயங்காலம் தம்பி வேனில் கொண்டுவந்து விட்டான். பிளியா மூச்சு வாங்கப் படியிறங்கி விளக்கைப் போட்டாள்.

மாவில் காலடிகள் இருந்தன. வெறுங்கால். துவைக்கிற மிஷினிலிருந்து ஒவ்வொன்றாக நடந்து வந்து கட்டிலருகில் நின்றிருந்தன. திரும்பிப் போன தடம் மட்டும் இல்லை. அதைப் பிளியா அப்போது கவனிக்கவில்லை. கள்ளி அகப்பட்டாள் என்ற சந்தோஷத்தில் உடம்பு வலிகூட மறந்துபோனது.

"யேர்! ஏய் யேர்! கீழ வா!"

யேர் கரண்டியோடு இறங்கி வந்தாள். மாவைப் பார்த்ததும் கரண்டி படியிலேயே நின்றுவிட்டது.

"செருப்பைக் கழட்டு" என்றாள் பிளியா. "காலை இதுல வை."

"அண்ணி, வேணாம்."

"வைடி! மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?"

யேர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு தடத்தின் மேல் காலை வைத்தாள். அவள் பாதம் ஒரு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒல்லியான நீளக் கால். தடமோ கட்டையாக, அகலமாக, இடது பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

யேரின் குரல் இறங்கிவிட்டது. "இப்ப நீங்க வைங்க அண்ணி."

பிளியா வைத்தாள். வைக்க வேண்டிய அவசியமே இல்லை, பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

யேர் படியில் உட்கார்ந்து இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் மூக்கைத் துடைத்தாள். "நீல ஸ்வெட்டர், ஊதாத் தலைத்துணி. உங்க முதுகை எனக்குத் தெரியாதா? அண்ணி எப்ப ஆஸ்பத்திரில இருந்து வந்தாங்கன்னு கூப்பிட்டேன். திரும்பல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மிஷின்ல தூங்கிட்டிருக்காங்கன்னு நர்ஸ் சொன்னா. அப்பதான் புரிஞ்சுது, உங்க உயிர் உங்களை விட்டுட்டுத் தனியா அலையுதுன்னு. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா மிச்சம் இருக்கிற தெம்பும் போயிடும். அதான் யாரோ பொம்பளைன்னு சொன்னேன்."

"அந்தக் கோழிங்க?"

"உங்க உயிரைக் கூப்பிடத்தான். சாமியாடி யோங் சூ மாமாகிட்ட பேசிட்டேன். இந்த வீட்டு வாசல்ல நின்னு கூப்பிடறதுக்கு உங்க தம்பி ஒத்துக்கல. கூப்பிட்டு உயிர் உள்ள வந்துட்டா அது இந்த வீட்டு உயிர் ஆயிடுமாம். அப்புறம் நீங்க இங்கதான்... எல்லாமே இங்கதான்."

"என் தம்பி அப்படிச் சொல்ல மாட்டான்."

"சொல்லாமலா உங்களுக்கு வேற இடம் பார்த்து வச்சிருக்காரு? வயசானவங்களை வச்சுப் பார்த்துக்கிற விடுதி. போய்க் கேளுங்க உங்க தங்கக் கட்டியை."

பிளியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் விடவில்லை, அவள் பிறவிக் குணம் அது. "சரி, நீ எதுக்கு எனக்காக இவ்வளவு மெனக்கெடுற? உனக்கு இதுல என்ன ஆதாயம்?"

"ஆதாயமா?" யேர் வெடித்தாள். "நானும் தலையில சேவல் சுத்தி வந்தவதான். நாளைக்கு உங்க தம்பியும் சொந்தக்காரங்களைப் பார்க்க லாவோஸுக்குப் போறேன்னு கிளம்பினா? நான் எந்த வீட்டுல போய்ச் சாவேன்? உங்களுக்கு ஒரு வழி பொறந்தா நாளைக்கு எனக்கும் பொறக்கும்ல?"

பிளியாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அன்பு, பாசம் என்று ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டாள்.

வாமெங் கஞ்சிப் பொட்டலத்தோடு இறங்கி வந்தபோது, பெண்டாட்டி படியிலும் அக்கா கட்டிலிலும் நடுவில் மாவுமாக இருந்தது. கழுவுற மீனில் நழுவுற மீன் அவன். நிலைமையைப் பார்த்ததும் திரும்பி ஏறப் போனான்.

"டேய், நில்லு" என்றாள் பிளியா. "வெளிச்சமான இடம், வெளிச்சமான இடம்னியே, அது எங்க இருக்கு?"

"அக்கா... நல்ல இடம்க்கா. பெரிய ஜன்னல். நம்ம ஆளுங்க சமைக்கிறாங்க. நான் தினமும் வருவேன்."

"வந்து?"

"மருமக உண்டாகியிருக்கா. பச்சைக் குழந்தை வரப்போற வீடு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? நீ சாக வேணாம்னுதான்க்கா நான் சொல்றேன்."

"சாகாம இருக்கணும்னா சொல்ற? எப்படின்னு சொல்லு, இருந்துட்டுப் போறேன்."

அவன் கஞ்சிப் பொட்டலத்தை நீட்டினான். பிளியாவுக்கு நெஞ்சு எரிந்தது. புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வந்தபோதுகூட இப்படி எரியவில்லை. இத்தனை நாள் காலைப் பிடித்துவிட்டது வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலையா? ஆனால் அவன் பயம் பொய்யில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அதே பயத்தோடு வளர்ந்தவள்தான் அவளும். பிறக்காத குழந்தையின் மேல் தன் சாவு விழுமோ என்று அவளும் நினைத்தாள். அவனைத் திட்டவும் முடியாமல், தேற்றவும் முடியாமல், கஞ்சியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். அது ஆறிப்போனது.

யேர் விடவில்லை. உயிரைக் கூப்பிடாமல் ஒருத்தியை விடுதிக்கு அனுப்பினால் தானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கூடவே போய்விடுவதாகச் சொன்னாள். வீட்டில் கஞ்சி காய்ச்சக்கூடத் தெரியாத வாமெங், "சரி, கூப்பிடட்டும்" என்று இறங்கி வந்தான். "ஆனா..." என்று இழுத்தான். அந்த இழுவையை யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை யோங் சூ கூ வந்தார். வாரநாளில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார், வார இறுதியில் சாமியாடியாகப் பெஞ்சையே குதிரையாக்கி ஆவி உலகத்துக்கு ஓட்டுவார். இரண்டு வேலையிலும் நிதானமான மனிதர். வாசலுக்கு உள்பக்கம் சின்ன மேசை போட்டு, கிண்ணத்தில் அரிசி, அரிசி நடுவில் முட்டை, ஊதுபத்தி, பக்கத்தில் கூண்டோடு கோழிகள். பிளியாவை வாசலுக்கு நேராக நாற்காலியில் உட்காரவைத்து, நீல ஸ்வெட்டரைக் கழற்றி மேசைமேல் மடித்து வைத்தார்கள். கதவை அகலத் திறந்ததும் பனிக்காற்று வீட்டுக்குள் தாராளமாக நுழைந்தது.

யோங் சூ குறி கேட்கிற எருமைக்கொம்பின் இரண்டு பாதிகளையும் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"எந்த வீட்டுக்குக் கூப்பிடட்டும்? புருஷன் குலத்து ஹெர் வீட்டுக்கா, பொறந்த குலத்து லோர் வீட்டுக்கா?"

குடும்பத் தலைவன் சொல்ல வேண்டும். வாமெங் ஊதுபத்திப் புகையைப் பார்த்தான்.

"பொதுவா கூப்பிடுங்க மாமா" என்றான்.

"பொதுவான வீடுன்னு எங்கப்பா இருக்கு? பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடறதா?"

"ஏதோ... உடம்பு தேறணும்னு..."

யோங் சூ பெருமூச்சு விட்டார். வாசலுக்குத் திரும்பி, ராகமாகக் கூப்பிட ஆரம்பித்தார். மலையிலே இருந்தாலும் வா, ஆற்றிலே இருந்தாலும் வா, முகாமின் மண்ணிலே இருந்தாலும் வா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாலும் வா, இங்கே முட்டை இருக்கிறது, சோறு இருக்கிறது, வா. நல்ல குரல். கொம்பைப் போட்டார். விழ வேண்டிய விதத்தில் விழவில்லை. மறுபடி கூப்பிட்டார், மறுபடி போட்டார். கொம்பு ஏற்கவில்லை. கோழிகள் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வாமெங்கின் முகத்தில் வருத்தமும் நிம்மதியும் கலந்து தெரிந்தன. பிளியா இரண்டையும் பார்த்தாள்.

"பக்கத்துலதான் நிக்குது" என்றார் யோங் சூ. "வாசப்படியிலயே நிக்குது. உள்ள வரமாட்டேங்குது. முகம் தெரியாத குரல் கூப்பிட்டா பதில் சொல்லாதேன்னு நாமதானே சின்னதுலேர்ந்து சொல்லி வளர்க்கிறோம்? இந்த அம்மா உயிரும் இவங்களை மாதிரியே இருக்கு. எந்த வீடு, யார் கூப்பிடறதுன்னு விசாரிக்குது."

நியாயம்தானே என்று பிளியா நினைத்தாள். யார் வீடு என்று தெரியாமல் எவள் உள்ளே வருவாள்? வந்த பிறகு போ என்றால்? தன் உயிரை நினைத்து அவளுக்கே பாவமாக இருந்தது. இந்தக் குளிரில், ஸ்வெட்டரும் இல்லாமல், வெளியே நின்றுகொண்டிருக்கிறது.

அடுப்படியில் வெந்நீர் வைத்திருந்த யேர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் விடுவிடுவென்று வந்தாள். யோங் சூவைத் தோளால் தள்ளிவிட்டு வாசலில் நின்று, தினமும் சாப்பாட்டு நேரத்தில் நிலவறைப் பக்கம் பார்த்துக் கத்துகிற அதே கத்தலைத் தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணீ! சோறு ஆறுது! அங்க நின்னு என்ன அடைகாக்குறீங்க? ஒருத்தி எத்தனை வாட்டிதான் கூப்பிடறது? இது நம்ம வீடுதான், லோர் வீடு! நான் யேர்தான் கூப்பிடறேன், வேற எந்தப் பேயும் இல்ல! காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க!"

எதிர்வீட்டில் பனி தள்ளிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் மண்வெட்டியோடு நிமிர்ந்து பார்த்தார். யோங் சூ கொம்பைப் போட்டார். குனிந்து பார்த்தார். எடுத்து இன்னொரு முறை போட்டார். அப்புறம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வந்தாச்சு" என்றார். "லோர் வீட்டுக்கு."

வாமெங் கத்தினான். "நான் இருக்கும்போது நீ எப்படிடி கூப்பிடலாம்?"

"நீங்க இருந்தீங்களா? எனக்குத் தெரியலையே. நான் ஊதுபத்திப் புகைன்னுல்ல நினைச்சேன்."

"சண்டையை அப்புறம் வச்சுக்கங்க" என்று யோங் சூ வெள்ளை நூலை எடுத்து நீட்டினார். வந்த உயிர் மறுபடி போகாமல் இருக்கக் கையில் நூல் கட்ட வேண்டும். வீட்டுத் தலைவன்தான் முதலில் கட்ட வேண்டும். வாமெங் நூலை வாங்கிக்கொண்டு அக்காவின் முன்னால் மண்டியிட்டான். அவள் கையை எடுத்தான். ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்துக் கறுத்துப்போன கை. அதைப் பார்த்தபடியே இருந்தான், கட்டவில்லை.

பிளியா கேட்டாள். இத்தனை நாள் கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

"டேய் வாமெங். நான் இந்த வீட்டுல செத்தா உனக்குப் பரவாயில்லையாடா?"

அவன் கண்ணீர் அவள் முட்டியில் விழுந்தது. நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டான், முடிச்சு நிற்காமல் நூல் கழன்று தரையில் விழுந்தது. பிளியாவும் அழுதாள், எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

யேருக்குப் பொறுக்கவில்லை.

"செத்துத் தொலைங்க அண்ணி" என்றாள். "என்னைக்கு வேணா செத்துத் தொலைங்க. ஆனா இங்கயே செத்துத் தொலைங்க. வேற எங்கயாவது போய்ச் செத்தீங்கன்னா, நான் உங்களை லேசுல விடமாட்டேன்."

வாமெங் பெண்டாட்டியை அண்ணாந்து பார்த்தான். பிறகு குனிந்து, தரையில் கிடந்த நூலை எடுத்து, அக்காவின் கையில் சுற்றி, இந்த முறை இரண்டு முடிச்சாகப் போட்டான்.